எழுத்தறிவுக் கல்வியும் முனைவர் ஆய்வும்: சேதுக் கடற்கரையை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழ்மொழியின் வரலாற்றை ஆராய்வோர் பலர். தமிழிலக்கியத்தின் நயங்களை ஆராய்வோர் அவரினும் பலர். ஆயின், தமிழ் மக்கள் தம் மொழியை எழுதவும் படிக்கவும் எவ்வாறு கற்றனர், இன்று எவ்வாறு கற்கின்றனர் என்பதை முனைவர் பட்டத்திற்குரிய பொருளாகக் கொண்டு ஆராய்வோர் தமிழ்த்துறைகளில் மிகச் சிலரேயாவர். இக்குறை எங்ஙனம் நேர்ந்தது, தமிழ் மரபு இதற்கு இடந்தந்ததா என்பனவற்றை வரலாற்று முறையில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. சில ஆண்டுகட்கு முன்னர், இராமநாதபுரக் கடற்கரையிற் பிறந்து வளர்ந்த மாணவி ஒருவர் எம்மிடம் வந்தார். தொண்டிக்கும் தேவிபட்டினத்திற்கும் இடையே பாக்கு நீரிணைக் கரையில் அமைந்த காரங்காட்டிலும், அதனை அடுத்த ஊர்களிலும், மீனவர் வீட்டுச் சிறார் தம் வீட்டுத் தமிழிலிருந்து பாடநூல் தமிழுக்கு எவ்வாறு கடந்து செல்கின்றனர் என்பதை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற விழைவதாகக் கூறினார். யாமோ நெய்தல் திணைப் பாடல்களை ஆராய்ந்து அப்பட்டம் பெற்றோம். கழியும் கானலும் புன்னையும் பற்றிப் பல நூறு பக்கங்கள் எழுதினோம். எனினும், 'இஃது இலக்கியமன்று; கல்வியியல் துறைக்குச் செல்க' என்று அம்மாணவியை அனுப்பிவிட்டோம். அவர் சென்ற இடத்திலோ, 'இது மொழி பற்றியது. தமிழ்த்துறைக்குச் செல்க' என்றனர். இரு வாயில்களும் அடைபடவே, அவர் ஊர் திரும்பினார். எம் விடை சரியானதுதானா என்னும் ஐயம் எம்மை விட்டு நீங்கவில்லை. அவ்வையத்தின் பயனே இக்கட்டுரை என்க.

இலக்கண நூலுள் கல்வியியல்

மொழியைக் கற்பித்தல் மொழியாராய்ச்சிக்குப் புறம்பானது என்னும் எண்ணம் தமிழ் இலக்கண மரபிற்கு உடன்பாடன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நன்னூலை எடுத்துக்கொள்வோம். எழுத்திலக்கணம் கூறப் புகுமுன், பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் நூலினது இயல்பு, ஆசிரியன் இயல்பு, பாடஞ் சொல்லும் முறை, மாணாக்கன் இயல்பு, பாடங் கேட்கும் முறை ஆகியவற்றை வரிசைப்பட வைக்கின்றார். எழுத்தும் சொல்லும் பின்னரே வருகின்றன. கற்பிப்போன், கற்போன், கற்கும் வகை ஆகிய மூன்றும் தெளிவுபட்டாலன்றி இலக்கணம் பயன்தராது என்பது அவர் கருத்தெனக் கொள்ளலாம்.

தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரமும் ஈண்டு நோக்கத்தக்கது. வழக்கு, செய்யுள் ஆகிய இரண்டையும் ஆராய்ந்தே அந்நூல் செய்யப்பட்டது என்பது அப்பாயிரத்தாற் பெறப்படும். மக்கள் நாவில் வழங்கும் மொழியை விலக்கிவிட்டு நூல்மொழியை மட்டுமே ஆராய்தல் தொல்காப்பியர் நெறியன்று. அகர வரிசையில் அமைந்த ஆத்திசூடியோ, அறநூலாக மட்டுமன்றி, எழுத்து முறையை நினைவில் நிறுத்தும் முதற்சுவடியாகவும் பல தலைமுறைச் சிறார்க்குப் பயன்பட்டது. ஆகவே, இலக்கியமும் எழுத்தறிவும் இருவேறு நாடுகள் எனக் கொள்ளும் பிரிவினை பழந்தமிழ் மரபின் விளைவன்று, பிற்காலத்தே புகுந்தது. அஃது எப்பொழுது புகுந்தது என்பதே இனி ஆராய்தற்குரியது.

கடற்கரையும் முதற்சுவடிகளும்

தமிழில் அச்சேறிய நூல்களின் வரலாறு அரசவையிலும் மடத்திலும் தொடங்கவில்லை. கடற்கரை மக்களுக்காகவே தொடங்கிற்று. 1554ஆம் ஆண்டில் இலிசுபன் நகரில் ஒரு சிறு நூல் அச்சிடப்பட்டது. 'கார்த்தில்லா' என வழங்கும் அந்நூலில், தமிழ்ச் செபங்கள் உரோமன் எழுத்தில் அமைய, அவற்றின் போர்த்துக்கீசியப் பொருளும் உடன் தரப்பட்டுள்ளது. 'கார்த்தில்லா' என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழியில் சிறார் படிக்கத் தொடங்கும் முதற்சுவடியைக் குறிக்கும். வின்சென்ட் டி நசரேத், யோர்கே கார்வாலோ, தோமா டா குரூசு ஆகிய மூவர் அந்நூலிற் பெயர் சுட்டப்பெறுகின்றனர். அவர் தமிழ்நாட்டுக் கடற்கரையைச் சார்ந்தோர் என்பது ஆய்வாளர் கருத்து.

அக்காலத்து முத்துக்குளித்துறைப் பணி குமரி முதல் சேதுக்கரை வரை பரவியிருந்தது. மண்டபத்தை அடுத்த வேதாளையில் 1549ஆம் ஆண்டு அந்தோனியோ கிரிமினாலி அடிகளார் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் அப்பணிக்குத் தலைமையேற்ற என்றீக்கே என்றீக்கசு அடிகளார், தமிழைப் பேசவும் எழுதவும் முயன்று கற்று, பிறர் கற்றற்பொருட்டுப் போர்த்துக்கீசிய மொழியில் ஒரு தமிழிலக்கணமும் வகுத்தார். தமிழ் எழுத்துகளிலேயே அச்சாகி இன்றும் கிடைக்கும் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. கிரீசித்தியானி வணக்கம் 1579இல் கொச்சியிலும், அடியார் வரலாறு 1586இலும் வெளிவந்தன. முன்னைய இரண்டனுள் கிரீசித்தியானி வணக்கம் வினாவும் விடையுமாக அமைந்தது; இரண்டும் ஒருவர் படிக்கப் பலர் கேட்டு மனங்கொள்ளுதற்கு ஏற்றவை.

இந்நூல்களின் நோக்கம் சமயம் பரப்புதலே என்பதில் ஐயமில்லை. ஆயினும், எழுத்தறிவு வரலாற்றில் அவை உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. கடலோர மக்களின் வழக்குமொழி முதன்முதலாக அச்சுக்குரிய மொழியாக மதிக்கப்பட்டது இவற்றினாலேயாம். மீனவர் தமிழ் எழுத்துக்கு ஏலாதது என்னும் பிற்காலக் கருத்தை இவ்வேடுகளே மறுக்கின்றன.

திண்ணையும் மணலும்

உள்நாட்டு ஊர்களில் எழுத்தறிவு திண்ணைப் பள்ளிகளால் வளர்ந்தது. மணலில் விரலால் எழுதிப் பழகுதல், உரக்கச் சொல்லி மனனஞ் செய்தல், பின்னர் ஓலையில் எழுதுதல் என்பன அப்பள்ளிகளின் படிமுறை. முன்னே கற்ற மாணவன் பின்னே வந்தோர்க்குக் கற்பிப்பான், அவனே சட்டாம்பிள்ளை. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆந்திரு பெல் என்பார், நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார். அவர் 1797இல் இலண்டனில் வெளியிட்ட நூலால் அது 'சென்னை முறை' எனப் பெயர்பெற்று, இங்கிலாந்தில் ஏழைச் சிறார்க்குரிய பள்ளிகளிற் பரவியது. தமிழ்நாட்டுத் திண்ணை, எழுத்தறிவுக் கல்விக்கு உலகளாவிய கொடை ஒன்றை நல்கியது என்பது இதனாற் புலனாகும்.

சென்னை ஆளுநர் தாமசு மன்றோ 1822இல் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு பணித்தார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர், மக்கள்தொகை 1,28,50,941. பள்ளி ஒன்றுக்கு ஏறத்தாழ 15 மாணவர் என்பது கணக்கு. இவ்வெண்கள் திண்ணைப் பள்ளிகள் பரவியிருந்தமையைக் காட்டுவதோடு, மக்களுள் ஏறத்தாழ 68 பேர்க்கு ஒருவரே அவற்றிற் கற்றமையையும் காட்டுகின்றன. எஞ்சியோருட் பெண்டிரும் உழைப்போரும் பெரும்பாலராயினர். இராமநாதபுரத்திலும் 1780களில் சுவார்ட்சு ஐயரின் துணையோடு ஆங்கிலப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது; ஆயின் அஃது அரசுக்கும் வாணிகத்திற்கும் வேண்டிய சிலருக்கே உரியதாயிற்று.

சேதுநாட்டுப் புலமை

தமிழ்ப்புலமை வரலாற்றில் இராமநாதபுரத்திற்குள்ள இடம் யாவரும் அறிந்தது. சேதுபதி மன்னரின் மரபில் வந்த பாண்டித்துரைத் தேவர் 1901ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று நிலைத் தேர்வுகளை நடத்திற்று. 'செந்தமிழ்' என்னும் ஆராய்ச்சி இதழையும் வெளியிட்டது. அதன் முதல் ஆசிரியரும் சேது சமத்தானப் புலவருமாகிய இரா. இராகவையங்கார், 1935இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழாராய்ச்சித் துறைக்குத் தலைவரானார். சேதுவேந்தர் அவையில் வளர்ந்த புலமை பல்கலைக்கழக ஆராய்ச்சியாக உருமாறிய வரலாற்றை அவர் வாழ்வே காட்டும்.

இம்மாற்றத்தால் தமிழ் பெற்ற நன்மை பெரிது. எனினும் உடன் நேர்ந்த இழப்பு ஒன்றுண்டு. பண்டிதத் தேர்வு எழுதுவோர் பெரும்பாலும் ஆசிரியராகவே வாழ்ந்தனர். பாடஞ் சொல்லுதல் புலமையின் ஒரு கூறாக இருந்தது. பல்கலைக்கழகத்திலோ, நூலை ஆராய்தல் ஒரு துறைக்கும், கற்பித்தலை ஆராய்தல் வேறொரு துறைக்கும் எனப் பங்கிடப்பட்டன. நன்னூலின் பொதுப்பாயிரம் மனப்பாடப் பகுதியாக நின்றது. அது கூறும் பொருள் கல்வியியல் துறைக்குச் சென்றது. யாம் தேடிய பிரிவினை இங்கேதான் நிலைபெற்றது என்பது எம் துணிபு.

முனைவர் பட்டத்தின் வரவு

அ. சிதம்பரநாதச் செட்டியார் தமிழ் யாப்பியலை ஆராய்ந்து 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மு. வரதராசனார் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்கு 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்றார். வ. சுப. மாணிக்கனார் தமிழ்க் காதல் பற்றி ஆராய்ந்து பட்டம் எய்தினார். இவர்தம் ஆய்வேடுகள் யாவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. தமிழின் தொன்மையையும் செம்மையையும் உலகுக்கு நிறுவவேண்டிய கடமை அத்தலைமுறைக்கு இருந்தது. யாப்பும் இயற்கையும் அகப்பொருளும் முதற்கண் ஆராயப்பட்டமை இயல்பே. அவர் இட்ட அடித்தளத்தின் மீதே யாம் அனைவரும் நிற்கின்றோம். ஆயின் அவர் கொண்ட பொருள்களே என்றும் ஆய்வின் எல்லை எனப் பின்வந்தோர் கொண்டது அவர் குற்றமன்று.

இந்நிலையில், எல்லையைக் கடந்து சென்ற ஒருவரைத் தனித்தெடுத்துக் காட்டல் வேண்டும். அவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். ஈழத்துக் கரம்பொன்னில் 1913இல் பிறந்த அவர், உரோமையில் இறையியல் கற்று, 1940களின் தொடக்கத்தில் வடக்கன்குளத்துப் பள்ளியிற் பணியாற்றிய காலத்திலேதான் தமிழிலக்கியத்தை முறையாகக் கற்கத் தொடங்கினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை பயின்று, சங்கப் பாடல்களின் இயற்கை பற்றி ஆராய்ந்தார். வளர்ந்த பின் ஒரு மொழியின் இலக்கியத்தைக் கற்பதன் அருமையை அவர் தம் வாழ்விலேயே உணர்ந்தவர்.

1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வியியல் விரிவுரையாளரான அடிகளார், பண்டைத் தமிழிலக்கியத்திற் கல்விச் சிந்தனை என்னும் பொருள்பற்றி இலண்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து, 1957இல் முனைவர் பட்டம் பெற்றார். பாணரையும் புலவரையும் கவிஞராக மட்டுமன்றிச் சமுதாயத்தின் ஆசிரியராகவும் அவர் கண்டார். 1554ஆம் ஆண்டுச் சுவடியைப் போர்த்துக்கல்லிற் கண்டு அறிஞர் உலகின் கவனத்திற்குக் கொணர்ந்தவரும் அவரே. இலக்கியமும், கல்வியும், கடலோர மக்களின் முதற்சுவடியும் ஓர் அறிஞரிடத்தே ஒன்றுகூடின. ஆயின் அவ்வாய்வு நிகழ்ந்தது இலண்டனில், எழுதப்பட்டது ஆங்கிலத்தில், அமைந்தது கல்வியியலில். தமிழ்த்துறைகள் அவரைப் போற்றின; அவர் திறந்த வழியில் நடந்தவரோ சிலர்.

அறிவொளியும் அதன் பின்னும்

1991இல் இராமநாதபுரத்திற்கு வடக்கே அண்மையதாகிய புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பேரெழுச்சி பெற்றது. பல்லாயிரம் பெண்டிர் எழுத்தைக் கற்றதோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். வாழ்வோடு இயைந்த சொற்களிலிருந்தே எழுத்தைக் கற்பித்தல் அவ்வியக்கத்தின் முறையாயிற்று. 1963இல் பிரேசில் நாட்டு அங்கிகோசு என்னும் ஊரில், பவுலோ பிரெயிரே ஏறத்தாழ 300 தொழிலாளர்க்கு அவர்தம் தொழிற்சொற்களைக் கொண்டே எழுத்தறிவித்த நெறியோடு இஃது ஒப்புநோக்கத்தக்கது.

இவ்வியக்கத்தை ஆழ்ந்து ஆராய்ந்த நூல், மானிடவியலாளர் பிரான்சிசு கோடி 2013இல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வெளியிட்டது. கும்பினி ஆட்சியில் தமிழ் எழுத்தர் வாழ்வை ஆராய்ந்த பவானி இராமனின் நூல் 2012இலும், திண்ணைப் பள்ளிகளின் கணக்குக் கல்வியை ஆராய்ந்த செந்தில் பாபுவின் நூல் 2022இலும் ஆங்கிலத்திலேயே வெளிவந்தன. தமிழ் மக்கள் எழுத்தறிந்த வரலாற்றை மானிடவியலாரும் வரலாற்றுத் துறையாரும் எழுதினர். தமிழ்த்துறையார் அதனைப் படிக்கும் நிலையிலேயே நின்றோம். இது நாணத்தக்கதே.

விதிகள் தடையாயுள்ளன எனவும் கூறுதற்கில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, முனைவர் ஆய்வுக்குக் குறைந்த காலம் மூன்றாண்டு. மிகுந்த காலம் ஆறாண்டு. பிற துறையைச் சார்ந்த அறிஞரை இணை நெறியாளராகக் கொள்ளலாம். எத்துறையாராயினும் ஆய்வாளர் யாவரும் கற்பித்தலிலும் எழுதுதலிலும் பயிற்சி பெறல் வேண்டும் என்றும் அந்நெறிமுறைகள் கூறுகின்றன. அம்மாணவிக்கு அடைபட்ட வாயில்களை அடைத்தது விதியன்று, எம் வழக்கமே என்பது இதனால் தெளிவாகும்.

காரங்காட்டிற் கண்டது

இவற்றையெல்லாம் ஆராய்ந்த பின்னரே யாம் காரங்காட்டிற்குச் சென்றோம். கழியின் இருமருங்கும் அலையாத்தி மரங்கள் செறிந்து வளர்ந்துள்ளன. அவற்றைக் காண வருவோர்க்கு வனத்துறையார் ஊர்மக்களின் துணையோடு படகு விடுகின்றனர். எம்முடன் வந்த முதியவர், வாடை, கொண்டல், கச்சான், சோளகம் எனக் காற்றின் பெயர்களைத் திசையோடு சொல்லி, ஒவ்வொன்றிலும் வலை எங்கே இடத்தக்கது என்பதையும் விளக்கினார். யாம் பட்டம் பெற்ற நெய்தலை அவர் வாழ்ந்து காட்டினார்.

கரை சேர்ந்ததும், சட்டைப்பையிலிருந்து அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்து எம்மிடம் நீட்டினார். ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து வந்த அறிவிப்பு. அதன் முதல் வரியை அவரே எழுத்துக்கூட்டிப் பிழையின்றிப் படித்தார். பின்னர், "எழுத்துத் தெரியுதய்யா, சேதிதான் பிடிபடல" என்றார். யாம் படித்தோம். ஒரே வாக்கியம் எட்டு வரிகள் நீண்டது. அதன் பொருளை எடுத்துரைக்க எமக்கும் சற்று நேரம் வேண்டியதாயிற்று.

இராமநாதபுரம் மாவட்டத்தின் எழுத்தறிவு 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 80 விழுக்காட்டைக் கடந்தது. அக்கணக்கில் இம்முதியவர் எழுத்தறிந்தோரே. ஆயின் எழுத்தை ஒலித்தலுக்கும் செய்தியை உணர்தலுக்கும் இடையேயுள்ள தொலைவை எக்கணக்கெடுப்பும் அளப்பதில்லை. அதனை அளத்தல் மொழியறிந்தோர் கடமை. வீட்டு வழக்கின் எவ்வொலிகளும் எத்தொடர்களும் சிறாரின் படிப்பிற் குறுக்கிடுகின்றன? அவர் அறிந்த கடற்சொற்களுள் எவை பாடநூலுள் இடம்பெற்றுள்ளன? வீட்டிற்கு வரும் அறிவிப்புகளை யார், யாருக்காகப் படிக்கின்றனர்? எட்டு வயதிற்குள் சிறார் அனைவரும் பொருளுணர்ந்து படித்தல் வேண்டும் என்னும் நோக்குடன் தமிழ்நாடு அரசு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. அதன் பயன் இக்கரையில் எவ்வாறுள்ளது? இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு முனைவர் ஆய்வுக்குரிய பொருளாகும். சார்பெழுத்தும் புணர்ச்சியும் வழக்கும் அறியாதார் இவற்றை முற்ற ஆராய்தல் அரிது. வகுப்பறை அறியாதார்க்கும் அஃது அரிதே. எனவே இரு துறையும் கூடியே இதனைச் செய்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை: மொழி கற்பித்தல் தமிழ் இலக்கண மரபின் உள்ளுறுப்பு, கடலோர மக்களின் தமிழே முதன்முதல் அச்சேறிய தமிழ், பல்கலைக்கழகத் துறைப்பங்கீடே இலக்கியத்தையும் எழுத்தறிவையும் பிரித்தது, தனிநாயகம் அடிகளாரின் 1957ஆம் ஆண்டு ஆய்வு அப்பிரிவைக் கடந்ததற்குச் சான்று. இவ்வகை ஆய்வேடுகள் தமிழிலேயே எழுதப்பெறல் வேண்டும் என்பதும், ஆராயப்பட்ட ஊரார்க்கு அவற்றின் முடிவுகள் அவர்க்கு விளங்கும் நடையில் எடுத்துரைக்கப்படல் வேண்டும் என்பதும் எம் வேண்டுகோள்.

காரங்காட்டிலிருந்து திரும்பும் வழியில் அம்மாணவியை அவர்தம் ஊரிற் கண்டோம். மாலையில் சிறார்க்குப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தார். எம் பிழையை ஒப்புக்கொண்டு, கல்வியியல் அறிஞர் ஒருவரை இணை நெறியாளராகக் கொண்டு அவ்வாய்வை மேற்கொள்ளலாம் என்றோம். அவர் சற்றுநேரம் பேசாதிருந்து, "இப்ப மட்டும் இது இலக்கியமாயிருச்சாய்யா?" என்று வினவினார். அன்றும் அது தமிழாகவே இருந்தது, யாமே அறிந்திலேம் என்றோம்.

அவர் இவ்வாண்டு பதிவு செய்துள்ளார். இனியொரு மாணவர் இத்தகைய வினாவோடு நம் வாயிலை அணுகுங்கால், எத்துறைக்கு உரியது எனக் கேட்குமுன், எம்மக்களுக்குப் பயன்படுவது எனக் கேட்டல் அறிஞர் கடனாகும்.